ஆர்எக்ஸ் 100க்கு ரீட் வால்வ் பாத்து வாங்குறது எப்படி? புதுசா கை வைக்கிறவங்களுக்கு

தங்கச்சிமடத்துல மீன் பெட்டிய கட்டிக்கிட்டு பாம்பன் பாலம் ஏறுனா, எதிர்காத்துல என் யமஹா ஆர்எக்ஸ் 100 நாலாவது கியர்ல இழுக்கவே இழுக்காது. பிளக் மாத்தி, கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ தீர்மானிக்கிற ஜெட் மாத்தி, கடைசியா கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்குற ரீட் வால்வ கழட்டி பாத்தா, அதுல திறந்து மூடுற மெல்லிசு தகடு இருக்குல்ல, அந்த இதழ் ஒண்ணோட மூலை நொய்யரிசி அளவுக்கு உடைஞ்சு போயிருந்துச்சு, நல்லவேளை அந்த இரும்புத் துண்டு பிஸ்டன கீறல.

முதல்ல உங்க வண்டில ரீட் இருக்கான்னு பாருங்க. ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, ராஜ்தூத் 350 எல்லாத்துலயும் இருக்கு, பழைய யெஸ்டி, ஜாவால கிடையாது, அதுல பிஸ்டனே வழிய திறந்து மூடும்.

ரீட் செய்யுற வேலை சின்னதுதான். பிஸ்டன் மேல போறப்ப கிராங்க் கேஸ் உறிஞ்சும், இதழ் திறந்து பெட்ரோல் கலந்த காத்து உள்ள போகும், பிஸ்டன் இறங்குறப்ப இதழ் மூடிக்கும். சரியா மூடலன்னா கலவை கார்புரேட்டருக்கே திரும்பி வரும், கிக்கர் உதைச்சு உதைச்சு கால் வலிக்கும், ஐடிலிங்கும் நிக்காது.

அடுத்து, கார்புரேட்டர கழட்டி, இதழ் மாட்டியிருக்குற ரீட் பிளாக்கயும் கழட்டி, பிளாக்க வெயிலுக்கு நேரா பிடிச்சு பாருங்க. இதழ் ஓரத்துல மயிரிழை வெளிச்சம்னா பரவாயில்ல, நல்லா தெரிஞ்சா மாத்திடணும். தனுஷ்கோடி பக்கம் ஓட்டுறவங்க இதழ் உக்காருற இடத்த விரலால தடவி பாருங்க, கிழிஞ்ச ஏர் ஃபில்டர் வழியா வந்த பொடி மணல் அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

இப்ப எத வாங்குறதுன்னு பாப்போம். கம்பெனி இரும்பு இதழ் ரொம்ப நாள் உழைக்கும், ஆனா உடைஞ்சா எஞ்சினுக்கே ஆபத்து. ஃபைபர் இதழ் லேசு, உடைஞ்சாலும் சேதம் கம்மி, ஆனா ஓரம் நார் நாரா பிரியும், அடிக்கடி பாக்கணும். கார்பன் ஃபைபர் அதவிட விறைப்பு, மேல் ஆர்பிஎம்ல படபடன்னு துடிக்காம மூடும். மெல்லிசு இதழ் லேசான உறிஞ்சலுக்கே திறக்கும், கீழ இழுவை நல்லாருக்கும், தடிமனானது ரேஸ்காரங்களுக்கு. எல்லாரும் கார்பன் கார்பன்னு சொன்னாங்கன்னு நானும் தடிமனான செட்ட வாங்கி மாட்டி, லோடு ஏத்துனதும் வண்டி முக்க ஆரம்பிச்சு, காசுதான் வீண். நம்ம ஊருக்கு எதிர்காத்தும் லோடும்தான் கணக்கு, மெல்லிசு ஃபைபரே போதும்ங்கறது என் முடிவு.

மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்க, கஞ்சத்தனம் வேணாம். அங்க காத்து கசிஞ்சா கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் கம்மியாகி, சூட்டுல பிஸ்டன் இறுகி பிடிச்சிரும். இதழ் ஸ்க்ரூவுக்கு த்ரெட் லாக் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு அளவா இறுக்குங்க, கழண்டா நேரா எஞ்சினுக்குள்ளதான் போகும். உப்புக்காத்துல பழைய ஸ்க்ரூ துருப்பிடிச்சு தலை தேஞ்சிருந்தா அப்பவே மாத்திடுங்க.

பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு பிளக்க கழட்டுங்க. காப்பி கலர்னா சரி, வெளுத்திருந்தா மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசா போடணும், அதுவரைக்கும் ஃபுல் த்ராட்டில் முறுக்காதீங்க. பழைய இரும்பு செட் உடையாம இருந்தா தூக்கிப் போடாம துணில சுத்தி டூல்ஸ் பாக்ஸ்ல வச்சுக்கோங்க, தனுஷ்கோடி கடைசில இருக்குற அரிச்சல்முனைல வண்டி நின்னுட்டா பக்கத்துல ஒரு மெக்கானிக் கடை கிடையாது.