மரணத்தை மணமகனாக வாசிக்கும் முறை

'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் அணிநயத்தை விளக்க முற்படுவோர், உவமைகளையெல்லாம் பட்டியலிடாமல், மரணத்தை மணமகனாக்கும் ஓர் உருவகத்தை மட்டும் பென்சிலால் கோடிட்டுத் தொடர்வது நல்லது. 1ஆம் அங்கத்தின் 5ஆம் காட்சியில், ரோமியோவின் பெயரைக்கூட அறியாத ஜூலியட், அவன் மணமானவனாயின் கல்லறையே தன் மணப்படுக்கை என்கிறாள்; 4ஆம் அங்கத்திலோ, மருந்தால் மயங்கிக் கிடக்கும் ஜூலியட் இறந்துவிட்டதாக நம்பும் அவள் தந்தை, மரணமே தன் மருமகன், மரணமே தன் வாரிசு எனப் புலம்புகிறார். ஒவ்வோரிடத்திலும் பேசுபவர் யார், அவர் அறியாதது எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இறுதிக் காட்சியில் இக்குறிப்பே கைகொடுக்கும். ஜூலியட்டின் மூச்சின் தேனை உறிஞ்சிய மரணத்தால் அழகை வெல்ல முடியவில்லை, உதட்டிலும் கன்னத்திலும் அழகின் செங்கொடி இன்னும் பறக்கிறது என்று ரோமியோ வியக்கும்போது (நாடகத்தின் மிகக் கொடிய வரி இதுவே என்பேன்), அந்தச் சிவப்பு வெறும் உருவகமன்று, அவள் உயிரோடிருப்பதன் அடையாளம் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.