குர்குமினைப் புரதத் துணிக்கைக்குள் ஏற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இறுதி ஆண்டு மாணவி ஒருத்தி முடிவுத் தாளை நீட்டினாள். "மிஸ், அடைப்புத்திறன் 98 வீதம் வந்திருக்கு." போட்ட குர்குமினில் எத்தனை வீதம் துணிக்கைக்குள் அடைபட்டது என்ற கணக்கு அது. அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க எனக்கு வயிறு கலங்கியது. பத்து வருடங்களுக்கு முன் நானும் இதே எண்ணை இதே சந்தோசத்தோடு எழுதியவள்.

தராசைச் சரிபார்ப்பது, குடுவைக்குப் பெயர் ஒட்டுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் நீரில் கரையாது. சாப்பிட்டாலும் குடல் அதில் சொற்பத்தைத்தான் உறிஞ்சும். அதனால் சோளனில் உள்ள ஸெயின் என்ற புரதத்துக்குள் அதை அடைத்து, 100, 200 நனோமீற்றர் அளவுத் துணிக்கைகளாக உணவில் கலக்கப் பார்க்கிறோம். ஸெயினும் தனி நீரில் கரையாது. 70–80 வீத எதனோலில், அதாவது மதுசாரத்தில், கரையும். இரண்டையும் அந்த எதனோலில் கரைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டிருக்கும் நீருக்குள் ஊற்றினால் ஸெயின் துணிக்கையாகத் திரளும், குர்குமின் உள்ளே அகப்படும். துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மேலே சோடியம் கேசினேற்றுப் பூச்சு; பாலிலுள்ள கேசின் புரதத்திலிருந்து எடுப்பது. வேலை இவ்வளவுதான். வில்லங்கம் அளக்கும்போது வருகிறது.

தெளிந்த நீரை அளந்து திறனைச் சொல்வது

எல்லாரும் செய்வது இது: கலவையைச் சென்ட்ரிபியூஜில் உச்ச வேகத்தில் சுற்றுவார்கள். எல்லாம் அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் குர்குமின் இருக்கிறதா என்று 425 நனோமீற்றர் அலைநீள ஒளியில் பார்ப்பார்கள். ஒன்றும் இராது. "வெளியே இல்லை, ஆகவே எல்லாம் உள்ளே" என்று 98 எழுதுவார்கள்.

நீரில் கரையாத பொருளை நீரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? துணிக்கைக்குள் போகாத குர்குமின் பளிங்காகி, துணிக்கைகளோடு சேர்ந்து அதே அடிப்படிவில்தான் கிடக்கிறது. இந்த முறை பளிங்கையும் அடைபட்டதாகவே கணக்குப் பண்ணும்.

நான் செய்தது இன்னும் மோசம். 98 வருகிறதே என்ற துணிவில், ஸெயினைக் கூட்டாமல் குர்குமினை மட்டும் கூட்டிக்கொண்டே போனேன். எண் இறங்கவே இல்லை. எட்டு மாதம் அப்படியே ஓடியது. கடைசியில், மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வாங்கிய எருமைப் பாலில் அதைக் கலந்து சட்டித் தயிர் போட்டோம். மறுநாள் கரண்டியால் அள்ளியபோது சட்டியின் அடியில் செம்மஞ்சள் மணல்போல ஒரு படை. நுணுக்குக்காட்டியில், பளிங்கை மினுங்க வைக்கும் ஒளி வடிகட்டியான முனைவாக்கியைப் போட்டுப் பார்த்தேன்: மினுங்கும் ஊசிகள். எல்லாம் குர்குமின் பளிங்கு. மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தை நானே திருப்பிக் கேட்டு வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த ஸெயின் போத்தலும் அதற்குள் தீர்ந்துவிட்டது. இன்றைக்கும் 98 என்ற எண்ணைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரே நாளில் உங்களை நீங்களே சோதிக்கலாம். ஸெயின் போடாமல், குர்குமினை மட்டும் எதனோலில் கரைத்து நீரில் ஊற்றுங்கள். எதனோலை ஆவியாக்கி, ஓர் இரவு வைத்து, அதே வேகத்தில் சுற்றி அளவுங்கள். புரதமே இல்லாத அந்தக் குடுவைக்கும் 90க்கு மேல் வந்தால், உங்கள் முறை எதையும் அளக்கவில்லை.

பிறகு சுழற்சியைக் குறையுங்கள். பளிங்கு அடியில் போக வேண்டும், துணிக்கை மேலே மிதக்க வேண்டும். அந்த அளவு வேகம் போதும். மேற்கரைசலில் ஒரு துளியை 80 வீத எதனோலில் கரைத்து அளவுங்கள். அடிப்படிவையும் தனியே கரைத்து அளவுங்கள். இரண்டையும் கூட்டினால் நீங்கள் போட்ட குர்குமின் ஏறத்தாழ வர வேண்டும். படிவில் கொஞ்சத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் விடாதீர்கள், பெருத்துப்போன துணிக்கைகளும் அங்கே விழுந்திருக்கலாம். படிவை எதனோலால் கழுவிப் பளிங்கை மட்டும் எடுக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். ஈரமான படிவில் எதனோல் பட்டால் ஸெயினும் கரையத் தொடங்கும், உள்ளே இருந்ததும் வெளியே வந்துவிடும்.

அதோடு, செய்த அன்றே அளக்காதீர்கள். எதனோல் மிச்சம் இருக்கும்வரை குர்குமின் அடங்கிக் கிடக்கும். மாலையில் தெளிவாக இருந்த குடுவையில் காலையில் ஊசி நிற்கும்.

வடிநீரில் உறுதியாக இருந்தால் போதும் என்று நினைப்பது

தயிரின் பிஎச், அதாவது அமில அளவு, 4.5 அளவில் இருக்கும். கேசினின் மின்னேற்றம் சமநிலைக்கு வருவது 4.6இல். தயிர் கட்டியாவதே அதனால்தான். துணிக்கைகளைப் பிரித்து வைத்திருக்கும் பூச்சும் அதே கேசின், ஆகவே அதே இடத்தில் அவையும் திரளும். பிஎச் 7 முதல் 4 வரை படிப்படியாக இறக்கிப் பாருங்கள், உப்புப் போட்டும் பாருங்கள். தயிருக்குத்தான் என்றால், மேலே பழங்களிலுள்ள பெக்டினால் பூச்சு ஒன்றும் கொடுத்துப் பாருங்கள்.

சுழற்சி எண்ணை மட்டும் குறிப்பது

ஒரே ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) தரும் விசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஜி-விசையை, அதாவது புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்பதை, எழுதுங்கள்.

குடுவையை யன்னலோரம் வைப்பது

வெளிச்சத்தில் குர்குமின் சிதையும். அலுமினியத்தாள் சுற்றுங்கள்.

எதனோலைப் பற்றிக் கடைசியில் யோசிப்பது

முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ ஒரு கடைக்காரரிடம் உங்கள் தயிரைக் கொடுத்தால், முதல் கேள்வி "மதுசாரம் சேர்ந்ததா?" என்றுதான் வரும். நியாயமான கேள்வி. ஆவியாக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கு அளந்த எண் கையில் இருக்க வேண்டும். என் இப்போதைய மாணவர்களை நான் எதனோல் இல்லாத வழியில்தான் தொடங்கச் சொல்கிறேன். பிஎச் 12இல் குர்குமின் கரையும், கேசினேற்று தளரும். உடனே நடுநிலைக்குக் கொண்டுவந்தால் கேசின் திரும்பக் கூடி, குர்குமினை உள்ளே பிடித்துக்கொள்ளும். காரத்தில் குர்குமின் சிதையும் என்பதால் அமிலத்தை முன்கூட்டியே அளந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.