சர்ஃபேஸ் கிளீனருக்கு எந்த நாசில்? தண்ணீர் அளவை வைத்துக் கணக்கிடும் முறை

மழைக்காலம் முடிந்தால் வாசல் பேவர் பிளாக்கில் பாசி கறுத்து வழுக்கும். அதை எடுக்க, பிரஷர் வாஷர் மெஷினில் மாட்டி, மூடிக்குள் சுழலும் கையால் தண்ணீரைப் பீய்ச்சும் சர்ஃபேஸ் கிளீனரைவிட நல்ல கருவி இல்லை என்பது என் கருத்து. ஆனால் அதோடு வரும் நாசிலையே (தண்ணீர் பீய்ச்சும் முனை) மாட்டி ஓட்டிவிட்டு, மெஷினில் பிரஷர் இல்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் மெஷின் சரியாகத்தான் இருக்கும், நாசில் துளைதான் பொருந்தியிருக்காது.

முதலில் தண்ணீரை அளந்துவிடுங்கள். பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. லான்ஸ் (துப்பாக்கியின் நீளக் குழாய்) முனையிலுள்ள நாசிலைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்குள் பிடித்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 80 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர்.

அடுத்தது நாசில் எண். எனக்கு நேரம் பிடித்தது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 4000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை அமெரிக்க கேலன் போகும் என்பதே அந்த எண். 25025 என்று பொறித்திருந்தால், தண்ணீர் விரியும் விசிறி 25 டிகிரி, அளவு 2.5. நம் மெஷின்களில் லிட்டரும், அழுத்தத்துக்கு பார் என்ற அலகும்தான் இருக்கும் என்பதால் மாற்றிக்கொள்ள வேண்டும். லிட்டரை 3.785 ஆல் வகுத்தால் கேலன், பாரை 14.5 ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ.

15 லிட்டர், 200 பார் மெஷினை எடுத்துக்கொள்வோம். 3.96 கேலன், 2900 பிஎஸ்ஐ. 4000ஐ 2900 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.174. அதை 3.96 ஆல் பெருக்கினால் 4.65. இது மொத்தத் துளை அளவு. சுழலும் கையில் இரண்டு நாசில் இருந்தால் இரண்டால் வகுக்க வேண்டும், மூன்று இருந்தால் மூன்றால். இரண்டுக்கு 2.33 வருகிறது. கடையில் 2.0, 2.5 என்றுதான் கிடைக்கும். 2.5ஐ எடுங்கள்.

ஏன் பெரியது? 2.0 ஜோடி போட்டால் அதே தண்ணீரைத் தள்ள ஏறக்குறைய 270 பார் வேண்டும். பம்ப் அதைத் தாங்காது. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரைத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு திறந்து தண்ணீர் உள்ளேயே சுற்றும், பம்ப் சூடாகும். 2.5 ஜோடியில் 173 பார் அளவுக்கு இருக்கும். பாசிக்கு அது தாராளம். அதற்கு மேல் போனால் பிளாக் இடுக்கிலுள்ள மணலும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

வீட்டுச் சின்ன மெஷினில் கதை தலைகீழ். 6.5 லிட்டர், 110 பார் என்றால் இரண்டு நாசிலில் ஒன்றுக்கு 1.36 தான் வரும். அதில் 2.0 ஜோடி போட்டால் 50 பார் சுமாருக்கு இறங்கிவிடும், கை சோம்பலாகச் சுற்றும். மூடியும் சிறியதாக வேண்டும்: நிமிடத்துக்கு ஒரு கேலன் என்றால் 4 அங்குல விட்டம் என்று வைத்துக்கொண்டால் தப்பாது.

மாட்டும்போது விசிறியின் நீளம் கையின் நீளவாக்கில் இருக்கட்டும். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள், ஆனால் நுனி வரை வேண்டாம், பிசிறு உள்ளே போய் அடைக்கும். பித்தளை சீக்கிரம் தேயும், காசு கொஞ்சம் கூடினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். பம்ப் வாயில் அழுத்தம் காட்டும் ஒரு கேஜும் அவசியம்.

பின்சேர்க்கை: நீள ஹோஸ் போட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தண்ணீர் அளவு மாறாது, ஆனால் ஹோஸில் இழக்கும் அழுத்தத்தையும் பம்ப்தான் சுமக்கிறது. கேஜ் மெஷினின் அழுத்த அளவைத் தொட்டால் நாசிலை ஒரு படி பெரிதாக்குங்கள். தரையில் வரிவரியாகத் தடம் விழுகிறது என்றவர்களுக்கு: முதலில் இரண்டு நாசிலையும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றில் மணல் அடைத்திருந்தால் மெல்லிய ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, அப்புறம் நடையை மெதுவாக்கிப் பாருங்கள்.