தாராக் கறிக்கு எந்த வைன்?

தாரா (வாத்து) பறவைதான், ஆனால் கோழி மாதிரி இல்லை. இறைச்சி சிவப்பு, தோலுக்கடியில் நல்ல கொழுப்பு. அதனால் கோழிக்கு வெள்ளை வைன், மாட்டுக்குச் சிவப்பு வைன் என்ற கணக்கு இங்கே சரிவராது. திருகோணமலை உப்புவெளியில் விடுதிச் சமையலறையில் நிற்கும் நான், கேட்கிற எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: தாராவைப் பார்த்து வைன் எடுக்காதீர்கள், அது எந்தக் குழம்பில் கிடக்கிறது என்று பாருங்கள்.

குழம்பே இல்லாமல் பொரித்த நெஞ்சுத்துண்டு என்றால் வேலை சுலபம். தோலைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, உப்புத் தடவி, சூடேறாத சட்டியில் தோல் கீழே இருக்கும்படி வைத்து மெல்லிய நெருப்பில் விட்டால், கொழுப்பு மெதுவாக உருகி வழிந்து தோல் மொறுமொறுவென்று வரும். இதற்குப் புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு குறைவாகவும் உள்ள சிவப்பு வைன் வேண்டும். அந்தப் புளிப்புத்தான் நாக்கில் படிந்த கொழுப்பை வெட்டிவிடும். பினோ நுவார் இதற்கென்றே பிறந்த திராட்சை. பிரான்சின் பர்கண்டிப் போத்தல் விலை கூட. சிலி அல்லது நியூசிலாந்துப் பினோ நுவார் தாராளமாகப் போதும். தோடம்பழச் சாறு விட்ட இனிப்புச் சோஸ் என்றால், பழ வாசனை தூக்கலான பினோ நுவாராக எடுங்கள்.

பிரான்சின் தென்மேற்கில் தாராவைக் கொழுப்பிலேயே வேகவைத்து, மதிரான், கஹோர் போன்ற துவர்ப்பான வைன்களோடு சாப்பிடுவார்கள். உப்பும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும். அங்கே மிளகாய் இல்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இனி நம்முடைய தாராக் கறி. வறுத்து இடித்த தூள், பழப்புளி, கடைசியில் முதற்பால். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். “இறைச்சிக் கறி, நல்ல தடித்த சிவப்பு வைன் போடுவோம்” என்று ஷிராஸ் வாங்கி வருவார்கள். மிளகாய் உறைப்போடு துவர்ப்புச் சேர்ந்தால் வாய் கசக்கும். அல்ககோல் கூடக்கூட எரிவும் கூடும். போத்தலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 14 வீதத்துக்கு மேல் இருந்தால் கறிக்கு வேண்டாம்.

நான் முதலில் தேடுவது இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். ஜெர்மன் ரீஸ்லிங்கில் அல்ககோல் 8, 9 வீதம் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் திராட்சையின் இனிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த இனிப்பு உறைப்பைத் தணிக்கும், புளிப்பு தேங்காய்ப்பாலின் கனத்தை இறக்கும். கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற இன்னொரு வெள்ளை வைன் கிடைத்தால் அதுவும் நல்லது. அதன் ரோசாப்பூ வாசம் ஏலம், கறுவாவோடு ஒத்துப்போகும். சிவப்புத்தான் வேண்டும் என்று விருந்தாளி நின்றால் போஜொலே என்ற இலேசான பிரெஞ்சுச் சிவப்பு வைனைக் கொடுங்கள், குளிரவைத்து.

பரிமாறுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இடியப்பத்தில் குழம்பு தொட்டு நன்றாக மென்று விழுங்கி, உடனே ஒரு மிடறு வைன். தொண்டையில் எரிவு மேலே ஏறிக்கொண்டே போனால் அந்தப் போத்தல் பிழை. வாய் துப்புரவாகி அடுத்த பிடிக்கு மனம் போனால் சரி.

சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சிவப்பு வைனை “அறை வெப்பநிலையில்” கொடு என்பது குளிர்நாட்டு வீட்டுக்கான பேச்சு. கச்சான் வீசும் காலத்தில் திருகோணமலை அறை 30 பாகையைத் தாண்டி நிற்கும். அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் சாராயம் போல மூக்கில் அடிக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து 15 பாகை அளவில் ஊற்றுங்கள். வெள்ளை வைனுக்கு வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

வாங்கும்போது, வெயில் படும் கண்ணாடியோரம் நின்ற போத்தலைத் தொடாதீர்கள். தக்கை மேலே தள்ளியிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ அது வெந்த வைன். போயா (பௌர்ணமி) தினத்தில் விற்கமாட்டார்கள், முதல் நாளே வாங்கி வையுங்கள்.

மிஞ்சிய போத்தலை இறுக மூடி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் கறியைச் சுண்டவைத்தால் உப்பும் உறைப்பும் ஏறியிருக்கும், அப்போது சிவப்பை விட்டுவிட்டு ரீஸ்லிங்கையே எடுங்கள்.