பனிப்புயலின்போது அடுக்குமாடி வீட்டில்

மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மின்சாரத்தை நம்பியிருப்பதால், புயல் தொடங்குமுன்பே ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் என்ற கணக்கில் மூன்று நாளைக்குத் தண்ணீர் பிடித்து வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் குழாய்கள் எளிதில் உறைந்துவிடும் என்பதால், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, குழாயில் நீர் மெல்லிய இழையாக ஒழுகும்படி விடுங்கள். வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், ஆனால் குழாய் வெடித்தால் கீழ்வீட்டுக்காரரின் கூரையும் சேர்ந்து நனையும். மின்சாரம் நின்றால் எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவிடுக்கைத் துணியால் அடைத்துக்கொள்ளலாம். சமையல் அடுப்பையோ கரியையோ எரித்து அறையைச் சூடாக்க மட்டும் முயலாதீர்கள். அப்படி எரிக்கும்போது உண்டாகும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிர்பதனப் பெட்டியைத் திறக்காதிருந்தால் சுமார் 4 மணி நேரம் உணவு கெடாது.