அலையாத்திக் காட்டை மீட்கும் முறை: முதலில் நீரோட்டம், பிறகு கன்று

காடும் சேறும் நீரும் கடலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உயிருள்ள அமைப்பாகக் காலநிலையைக் கருதுவோருக்கு, புகையைக் குறைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த அமைப்பில் எங்கே ஓட்டம் நின்றுபோயிற்று என்று தேடி, அதைச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது. கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகள் (மாங்குரோவ்) இதற்குத் தெளிவான சான்று. கடல் ஏறி இறங்கும்போது வந்துபோகும் ஓதநீரில் ஊறிய அவற்றின் சேற்றில் காற்று புகாததால் இலையும் வேரும் மிக மெதுவாகவே மட்குகின்றன. அதனால் கரிமம் (கார்பன்) நெடுங்காலம் மண்ணிலேயே தங்குகிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தில், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய, காட்டைப் பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து வெட்டும் கூப்பு முறையில் மரங்கள் மொத்தமாக வெட்டப்பட்டன. நிழல் இழந்த சேறு காய்ந்து அமிழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அத்தகைய மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் அங்கே கால்வாய் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகுதான் காடு திரும்பியது.

ஆகவே நாற்றங்காலுக்குப் போகுமுன் நிலத்தைப் படிக்க வேண்டும். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் சென்று, நீர் எவ்வழியே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரமே இல்லாமல் உமரிச்செடி மட்டும் படர்ந்திருப்பதும், கோடையில் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதும் ஓட்டம் நின்றதற்கான அடையாளங்கள். அங்கு பல்லாண்டு மீன்பிடித்தவர்களைக் கேட்டால், முன்பு ஓடை எங்கே இருந்தது என்பதையும் காட்டிவிடுவார்கள்.

அடுத்தது கால்வாய். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாயையும், அதன் இருபுறமும் மீன்முள்போலச் சாய்வாகக் கிளைக் கால்வாய்களையும் வெட்ட வேண்டும். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், சிறிய மட்டப் பிழைகூட நீரை உள்ளேயே நிறுத்திவிடும். மட்டம் பார்ப்பதில் சிக்கனம் கூடாது. கரைகள் செங்குத்தாக இருந்தால் சரியும், ஆகவே சரிவாகவே வெட்டுங்கள். பெரும்பாலான அலையாத்திப் பகுதிகள் காப்புக்காடுகளாக இருப்பதால் வனத்துறையின் அனுமதியும் பங்கேற்பும் இன்றி மண்வெட்டியை எடுக்கக்கூடாது.

நடவுக்கு, மழைநீர் உப்பைத் தணிக்கும் வடகிழக்குப் பருவக் காலமே ஏற்றது. உவர்ப்பை அதிகம் தாங்கும் அலையாத்தி மரமான வெண்கண்டலை, ஓதநீர் வந்து தொட்டு வடியும் கால்வாய்ச் சரிவின் நடுப்பகுதியில் நடுங்கள். அடியில் நட்டால் மூழ்கி அழுகும், உச்சியில் நட்டால் காயும். மற்றோர் அலையாத்தி மரமான சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து நீண்ட காய்போலத் தொங்கும். முற்றியதைப் பறித்து, கூரிய நுனியைச் சேற்றில் செருகினாலே போதும். எனினும் உவர்ப்பு மிகுந்த இடத்தில் அதை முதலில் நட வேண்டாம் என்பதே என் கருத்து.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்; வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. கால்வாய்கள் சில ஆண்டுகளிலேயே தூர்ந்துபோகும். தூர்வாருவதற்கான ஆளையும் பணத்தையும் நடவுக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மாடுகள் இளங்கன்றை மேயாதிருக்க மாற்று மேய்ச்சல் நிலத்தையும் அதே கூட்டத்தில் ஒதுக்கிக்கொள்வது நல்லது.