அயோவா சிட்டிக்கு வருகிறீர்களா? முதலில் ஃபுட்பால் அட்டவணையைப் பாருங்கள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கிற பல்கலைக்கழக ஊர் இது. டிக்கெட் போடும் முன், நீங்கள் வருகிற சனிக்கிழமையில் பல்கலைக்கழகத்தின் ஹாக்ஐஸ் அணிக்கு (அமெரிக்க ஃபுட்பால், நம்ம ஊர்க் கால்பந்து அல்ல) உள்ளூர் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊரின் மக்கள்தொகை சுமார் 75,000, அணியின் கின்னிக் மைதானத்தில் மட்டும் ஏறக்குறைய 69,000 பேர் உட்காரலாம். கணக்கு புரிகிறதா? அன்றைக்கு ஹோட்டல் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். காலையிலேயே கார் நிறுத்துமிடங்களில் அடுப்பைப் பற்றவைத்து இறைச்சி வாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இந்தக் கூத்துதான். மே மாதம் பிள்ளையின் பட்டமளிப்புக்கு வருகிற பெற்றோரும் மாதக்கணக்கில் முன்னாலேயே அறை பிடித்துவிடுவது நல்லது.

ஆனாலும் ஒரே ஒரு ஆட்டத்துக்காவது போய்ப் பாருங்கள் என்பது என் கட்சி. முதல் கால்பகுதி முடிந்ததும் மொத்த மைதானமும் ஆட்டத்தை மறந்துவிட்டு, எதிரே உயர்ந்து நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையின் பக்கம் திரும்பிக் கையசைக்கும். மேல்மாடி ஜன்னல்களில் நிற்கிற நோயாளிப் பிள்ளைகள் பதிலுக்குக் கையசைப்பார்கள். 2017இல் தொடங்கிய வழக்கம். ஃபுட்பாலில் ஒரு விதிகூடத் தெரியாதவருக்கும் தொண்டையை அடைக்கும்.

வந்து சேரும் வழி: பக்கத்து விமான நிலையம் சீடர் ரேப்பிட்ஸில், காரில் அரை மணி நேரம். சிகாகோவில் இறங்கிச் சாலை வழியாக வருவதென்றால் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இருபுறமும் சோளம், அப்புறம் சோயா, மறுபடி சோளம். பயணிகள் ரயில் கிடையாது. ஊருக்குள் வந்துவிட்டால் காரை ஓரங்கட்டிவிடலாம், மையப் பகுதி முழுவதும் நடக்கிற தூரம்தான். பல்கலைக்கழகத்தின் கேம்பஸ் பேருந்துகளை மாணவர்களே ஓட்டுகிறார்கள், அடையாள அட்டையெல்லாம் கேட்பதில்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏறலாம்.

தங்கக் கும்மட்டம் வைத்த ஓல்டு கேப்பிட்டலில் இருந்து நடக்க ஆரம்பியுங்கள். 1857 வரை மாநிலத் தலைநகரம் இந்த ஊர்தான், தலைநகரம் டெ மாய்னுக்குப் போனதும் கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. பக்கத்து மெக்பிரைடு ஹாலில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பனியுகத்து ராட்சத ஸ்லாத் (மெதுவாக நகரும் ஒரு பாலூட்டி) ஒன்றின் மாதிரியைக் காட்டினால் குழந்தைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அங்கிருந்து அயோவா அவென்யூவில் தலையைக் குனிந்துகொண்டு நடங்கள், நடைபாதையில் எழுத்தாளர்களின் வரிகளை வெண்கலத்தில் பதித்திருக்கிறார்கள். இங்குள்ள பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936இல் தொடங்கியது, 2008இல் யுனெஸ்கோ இந்த ஊரை இலக்கிய நகரமாக அறிவித்தது. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: அசோகமித்திரன் 1973இல் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில் வந்து இங்கே பல மாதங்கள் தங்கினார், அவருடைய ‘ஒற்றன்’ நாவல் அதில் விளைந்ததுதான். படித்துவிட்டு வந்தால் குளிர்காலத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியதில்லை.

மாலையில் பிரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடையில் வாசிப்புக் கூட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் பேசாமல் போய் உட்கார்ந்துவிடலாம். காசும் இல்லை, நீங்கள் யார் எவர் என்ற கேள்வியும் இல்லை.

ஸ்டான்லி கலை அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், அதுவும் இலவசம். 2008 வெள்ளத்தில் பழைய கட்டடம் பயன்படாமல் போனது, புதியதைத் திறக்க 2022 ஆகிவிட்டது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1943இல் வரைந்த ‘மியூரல்’ இங்கேதான் இருக்கிறது, அகலம் மட்டும் இருபதடி. முதலில் கிட்டே போய் வண்ணத் தெறிப்புகளைப் பாருங்கள், பிறகு நாலு எட்டு பின்வாங்குங்கள், வேறு படமாகத் தெரியும்.

கார் இருந்தால் கோரல்வில் ஏரிக்குப் போய்வாருங்கள். என் கணக்கில் இந்த ஊரின் முதல் அதிசயம் அதுதான். 1993 வெள்ளத்தில் அணையின் உபரிநீர்ப் பாதை வழிந்து கீழே இருந்த மண்ணையும் மரங்களையும் அடித்துக்கொண்டு போனபோது, அடியில் ஏறக்குறைய 37 கோடி ஆண்டுப் பழைய கடல்தரை வெளிப்பட்டது. கடலில் இருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நின்றுகொண்டு கல்லாகிப்போன பவளத்தின் மேல் நடக்கலாம்! மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால் ஈரக் கல்லில் பவளத்தின் தேன்கூட்டு வடிவம் பளிச்சென்று தெரியும். பெயர்த்து எடுத்துவர மட்டும் அனுமதி இல்லை.

சாப்பாடு விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஹாம்பர்க் இன் கடையின் ‘பை ஷேக்’கை ஒருமுறை குடித்துப் பார்க்கலாம், ‘பை’ (pie) என்கிற, உள்ளே பழம் வைத்துச் சுட்ட பண்டத்தில் ஒரு முழுத் துண்டை ஐஸ்கிரீமோடு மிக்ஸியில் போட்டு அடித்துத் தருவார்கள், இரண்டு பேருக்கு ஒன்று போதும். மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைக் காலைகளில் சான்சி ஸ்வான் கார் நிறுத்துமிடத்தில் உழவர் சந்தை கூடும். ஆகஸ்டில் வந்தால் இனிப்புச் சோளம் வாங்கிச் சும்மா வேகவைத்துத் தின்னுங்கள், உப்புகூட வேண்டாம்.

டிசம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுவரை மாணவர்கள் இல்லாமல் ஊர் காலியாகக் கிடக்கும், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும். வேறு வழியில்லாமல் அப்போதுதான் வர முடியும் என்றால் மேல்கோட்டைவிட நல்ல பூட்ஸுக்குச் செலவு செய்யுங்கள், நடைபாதையில் உறைந்த பனி கண்ணுக்கே தெரியாது.